சொல்தா எங்கே பார்க்கிறார்?

1. சாரம் பிரித்த மறுநாள்

கோபுரத்தில் சாரம் பிரிக்கிற நாள் ஊருக்குத் திருநாள். எங்களுக்கு வேலை போகிற நாள்.

நான் சுதை வேலைக்காரன். செங்கல், சுண்ணாம்பு, சிமெண்டு கொண்டு கோபுரத்தில் சாமி உருவங்கள் செய்வதுதான் சுதை வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினாறு வயதில் சாரத்தில் ஏறினேன். அதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. தரையில் யாராவது இரண்டு வார்த்தை கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அறுபது அடி உயரத்துக்கு ஏறி வந்து யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

ஆனால் ஒரு கோபுரம் முடிந்தால் அடுத்த கோபுரம் உடனே வராது. ஆறு மாதம் ஆகும், எட்டு மாதமும் ஆகும். எண்பதுகளின் தொடக்கத்தில் சுரக்குடிப் பக்கம் ஒரு சிவன் கோயில் வேலை வைகாசியில் முடிந்தது. கும்பாபிஷேகத்தன்று ஊரே அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டது. நான் மறுநாள் நெரவியில் எங்கள் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஸ்தபதி, "தை பொறக்கட்டும்ப்பா, அடுத்த வேலைக்கு ஆள் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுக் கும்பகோணம் போய்விட்டார்.

என் மனைவி செல்விக்கு நான் சும்மா இருப்பது பிடிக்காது.

"ஏங்க, அந்தக் கூரையில என்ன சாமியா இருக்கு? எந்திரிச்சு ஏதாவது செய்ங்க."

"என்ன செய்யறது? சுண்ணாம்பு விட்டா எனக்கு என்ன தெரியும்?"

"கை இருக்குல்ல? சுண்ணாம்புதான் வேணும்னு அது கேட்டுச்சா?"

அவள் சொன்னது சரி என்று பட்டது. முதலில் தெர்மக்கோலில் இறங்கினேன். ஊரில் ஒரு கல்யாணத்துக்கு மேடை அலங்காரமாக ஆளுயர மயில் ஒன்றை அறுத்துச் செய்தேன். சுதையில் மயில் செய்தால் நான்கு ஆள் தூக்க வேண்டும். அந்த நினைப்பிலேயே இருந்ததால், இதைக் கட்டி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தாலி கட்டும் நேரத்தில் வேர்க்கிறது என்று யாரோ பெரிய மின்விசிறியைத் திருப்பினார்கள். மயில் எழுந்து மாப்பிள்ளையின் தலைக்கு மேலே போய்ப் பந்தலில் மாட்டிக்கொண்டது. பெண்ணின் மாமா என் முதுகில் தட்டி, "உசுரோடயே செஞ்சிருக்கீங்க தம்பி" என்றார். அந்த வீட்டு விருந்தைச் சாப்பிடாமலே நான் ஓடி வந்துவிட்டேன். செல்வி சாப்பிட்டுவிட்டு நிதானமாக வந்தாள்.

2. தண்டை போட்ட கால்

அடுத்தது மெழுகு. காரைக்காலில் மாதா கோயில் பக்கம் அந்தோணி அண்ணன் மெழுகுவத்திக் கடை வைத்திருந்தார். வத்தியோடு மெழுகில் வார்த்த கை, கால், கண் எல்லாம் விற்பார். கால் வலிக்காரர்கள் மெழுகுக் கால் வாங்கி மாதாவுக்குக் காணிக்கை வைப்பார்கள். அவருடைய கால் அச்சு உடைந்துபோயிருந்தது. புது அச்சுக்கு மாதிரியாக ஒரு கால் செய்து தரச் சொன்னார்.

மெழுகு எனக்குப் புதிது. கையில் வைத்தால் இளகும், ஊதினால் இறுகும். சுண்ணாம்பு மாதிரி விரலை அரிக்காது. இரண்டு நாள் ஆசையாகச் செய்துகொண்டு போய்க் கொடுத்தேன். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்ப்பா, இது என்னா கால்ல?"

"தண்டைங்கண்ணே."

"இது?"

"சிலம்புங்க."

"குதிகால் ஏன் தூக்கிக்கிட்டு நிக்குது?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. என் கைக்குத் தெரிந்த கால் எல்லாம் சாமி கால்தான். நடனமாடத் தூக்கிய கால், தண்டையும் சிலம்பும் போட்ட கால். சும்மா நிற்கிற மனிதக் கால் ஒன்றைக்கூட அதுவரை நான் செய்ததில்லை.

"முட்டி வலின்னு வர்றவனுக்கு இதக் குடுத்தா, கிண்டல் பண்றேன்னு அடிக்க வருவான்ப்பா" என்றார் அண்ணன்.

கடையில் வத்தி வாங்கிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் கையை நீட்டினார். வெள்ளைச் சேலை, கையில் கறுப்புக் குடை, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடை.

"அத இங்க குடுங்க அந்தோணி. எனக்கும் முட்டிதான். ஆறு வருஷமா மடங்கல. குணமானா இந்த மாதிரியே ஆடிக் காட்டுறேன்னு மாதாகிட்ட சொல்றேன்."

அவர்தான் ரோஸ்லின் மதாம். அவருடைய கணவர் சூசை பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் பட்டாளத்துக்காரரைச் சொல்தா என்போம். அவர்கள் வீட்டம்மாவை மதாம் என்போம். சூசை சொல்தா அந்த மாசியில்தான் இறந்திருந்தார்.

மதாம் காலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்டார். "தம்பி, உங்களுக்கு முகம் வருமா?"

நான் தரையைப் பார்த்தேன். அண்ணன்தான், "கோபுரத்துல நூறு முகம் செஞ்ச ஆளு மதாம்" என்றார்.

3. ஒரு முகம்

மதாம் வீட்டுக்குச் செல்வியையும் அழைத்துக்கொண்டு போனேன். பேச வேண்டியது அவள், கேட்க வேண்டியது நான் என்று ஏற்பாடு.

மதாம் காப்பி கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். பிரான்சில் வேலை பார்க்கும் மகன் பியேர் ஊரைவிட்டுப் போய் ஒன்பது வருஷம். அப்பா இறந்த தந்தி அவனுக்குப் போய்ச் சேர்ந்தபோது இங்கே அடக்கம் முடிந்துவிட்டது. இப்போது கல்லறைத் திருநாளுக்கு, நவம்பர் இரண்டாம் தேதிக்கு, வருகிறான்.

"வந்தா என்னாத்தப் பாப்பான்? ஒரு கல்லு, மேல ஒரு பேரு. அதுக்காகவா அவ்வளவு தூரம் வர்றான்? அவன் அப்பா முகத்தப் பாக்கணும் தம்பி. அவன் போனப்புறம் வயசாயிப்போன முகத்த அவன் பாக்கவே இல்ல."

இருந்த போட்டோ ஒன்றே ஒன்று. பட்டாளத்தில் இருந்தபோது சைகோனில் எடுத்தது. தொப்பி வைத்த இருபத்திரண்டு வயதுப் பையன். எனக்கு வேண்டியது அறுபத்தைந்து வயதுக்காரர். மீதி நாற்பத்து மூன்று வருஷத்தை மதாம் வாயால் சொல்லித்தான் நான் செய்ய வேண்டும்.

செல்வி ஆரம்பித்தாள். "காது எப்படிங்க மதாம்?"

"பெருசு. ஆனா நான் சொல்றது மட்டும் அதுல விழாது."

"மூக்கு?"

"நேரா வந்து கடைசில கொஞ்சம் எடப்பக்கம் திரும்பும். எங்க தெரு மாதிரி."

"பார்வை எப்படிங்க இருக்கும்?"

"யாரு கண்டா? காப்பி கேட்டாலும் பேப்பரப் பாத்துக்கிட்டேதான் கேப்பாரு. நாப்பது வருஷம் நான் அந்தப் பேப்பருக்குத்தான் பதில் சொன்னேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு எழுந்து சன்னலைச் சாத்திவிட்டு வந்தார். மழை ஒன்றும் வரவில்லை.

முதலில் களிமண்ணில் செய்து காட்டுகிறேன் என்று செல்வியைச் சொல்லச் சொன்னேன். மதாம் கையை ஆட்டினார். "மண்ணா இருக்கும்போது எனக்குக் காட்டாதீங்க. அவர மண்ணுல வச்சிட்டு வந்து ஆறு மாசம்தான் ஆவுது. முடிச்சப்புறம் பாக்குறேன்."

அதனால் அரசலாற்றுக் களிமண்ணில் மார்பளவு உருவத்தை நான் செய்தபோது, சாயல் பார்க்க அந்தோணி அண்ணனைத்தான் கூப்பிட்டேன். உருவத்தை மேசைமேல் வைத்திருந்தேன். அண்ணன் கீழே பாயில் உட்கார்ந்து செல்வி கொடுத்த மோரைக் குடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். "அசல் சூசைதான்ப்பா. வத்தி குறைஞ்ச விலைக்குக் குடுன்னு கேக்கப்போற மாதிரியே இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதன்முதலாக நான் ஒரு மனிதனைச் செய்திருக்கிறேன்.

அந்த மகிழ்ச்சியில் ஒரு கூத்தும் நடந்தது. களிமண் உருவத்தின்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அப்பி அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் சிமெண்டை ஊற்ற வேண்டும். சாக்பீஸ் செய்கிற கடையில் ஒரு மூட்டை பிளாஸ்டர் வாங்கிவந்தேன். சுண்ணாம்புச் சாந்து என்றால் அரைத்து ஊற வைக்க வேண்டும். ஊற ஊறத்தான் பதம். அதே பழக்கத்தில் பிளாஸ்டரை ஒரு அலுமினியச் சட்டி நிறையக் குழைத்து, ஊறட்டும் என்று வைத்துவிட்டுச் சோறு தின்னப் போனேன். திரும்பி வந்தால் சாந்து பூசுகிற கரணை சட்டிக்குள் கொடிக்கம்பம் மாதிரி நிற்கிறது. இழுத்தேன், சட்டியோடு வந்தது.

"நல்லா ஊறிடுச்சுங்களா?" என்றாள் செல்வி.

பிளாஸ்டர் பத்து நிமிஷத்தில் கல்லாகிவிடும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அந்தச் சட்டி கரணையோடு பல வருஷம் எங்கள் கொல்லைக் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுத்தது. இரண்டாவது தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் குழைத்து அச்சு எடுத்தேன். சாலையோரப் பாலம் மாதிரிச் சாம்பல் நிறத்தில் வரக் கூடாது என்பதற்காக வெள்ளைச் சிமெண்டும் சலவைக்கல் பொடியும் கலந்து வார்த்தேன். மூன்று நாள் கழித்து அச்சைத் தட்டி உடைத்தபோது சொல்தா காதும் மூக்குமாக வெள்ளையாக வெளியே வந்தார். ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்தேன்.

4. என்ன தேடுகிறார்?

திருநாளுக்கு ஐந்து நாள் இருந்தது. கல்லறைமேல் மதாம் சொன்னபடி முழங்கால் உயரத்துக்கு மேடை கட்டி உருவத்தை வைத்தோம். மதாம் குடையோடு வந்தார். நான் சாக்கை எடுத்தேன்.

மதாம் முன்னால் நின்று பார்த்தார். குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"சாயல் இருக்கு. காது, மூக்கு எல்லாம் அவருதான். ஆனா இவரு என்னா தேடுறாரு?"

எனக்குப் புரியவில்லை.

"எதையோ கீழ போட்டுட்டுத் தேடுற மாதிரி நிக்கிறாரே. தலையும் பெருசு. தம்பி, மனுஷன் பட்டாளத்துல இருந்தவரு. எவனுக்கும் தலை குனிஞ்சது இல்ல. பியேரு வந்து பாத்தா, எங்க அப்பா எதுக்கு வெக்கப்படுறாருன்னு கேப்பான்."

அவர் சொன்ன பிறகுதான் என் கண்ணுக்கு அது தெரிந்தது. கோபுரத்துச் சாமியைப் பக்தன் கீழேயிருந்து பார்க்கிறான். நேராகச் செய்தால் அவனுக்குத் தாடைதான் தெரியும், முகம் தெரியாது. அதனால் தலையைக் கொஞ்சம் பெரிதாக்கி முன்னால் சாய்த்து, கண்ணைக் கீழ்நோக்கி வைப்போம். சாரத்தில் பக்கத்தில் நின்று பார்த்தால் அது கோணலாகத்தான் இருக்கும். பதினான்கு வருஷம் அந்தக் கோணலையே பார்த்துப் பார்த்து அதுதான் நேர் என்று எனக்கு ஆகிவிட்டது. தண்டை போட்ட காலில் செய்த அதே தப்பு. இந்தத் தடவை அது ஒருவருடைய அப்பாவின் முகத்தில் வந்துவிட்டது.

புதிதாக வார்த்து ஆற வைக்க நாள் இல்லை. ஐப்பசி மழை வேறு. கண்ணை மட்டும் செதுக்கிப் பூசினால் ஒட்டுப் போட்டது தெரியும். நான் கோபுரத்தில் சாமிக்குக் கண் வைக்கிற விதத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். செல்விக்குப் பளிச்சென்று பட்டது.

"அப்ப உயரத்துல வச்சிட்டா சரியாப் போச்சு! ஆறடிக்குத் தூண் கட்டுங்க."

மதாம் அவளைத் திரும்பிப் பார்த்தார். "கல்லறையா, கலங்கரை விளக்கமாம்மா?"

வேடிக்கை பார்க்க வந்திருந்த அந்தோணி அண்ணனும் தலையை ஆட்டினார். "முடியாது. கல்லறையில சிலுவையத் தாண்டி எதுவும் நிக்கக் கூடாது. இங்க அதான் வழக்கம்."

சொல்தாவின் சிலுவை ஆறடி. தலை அதற்குக் கீழே நிற்க வேண்டுமானால் நான்கடிக்குமேல் தூண் கட்ட முடியாது. செங்கல்லைச் சாந்தில்லாமல் நான்கடிக்கு அடுக்கி அதன்மேல் தூக்கி வைத்துப் பார்த்தோம். மதாம் எதிரில் போய் நின்றார்.

"இப்ப என் வயித்தப் பாக்குறாரு. வயசான காலத்துல!"

அண்ணன் சிரித்துவிட்டார். மதாமுக்குச் சிரிப்பு வரவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு, "பியேரு வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க தம்பி. முடியலன்னா துணி போட்டு மூடிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து சாய்ந்து நடந்து போனார். அந்த நடையைப் பார்த்தபோது, அடுத்த கோபுரமே எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

5. கயிறு

கல்லறை முன்னால் சிந்தியிருந்த சிமெண்டுத் தூளைக் கூட்டிக் கழுவ ஆரம்பித்தாள் செல்வி. நான் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். முட்டிபோட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டாள்.

"ஏங்க! இவரு என்னையப் பாக்குறாருங்க!"

போய் அவள் பக்கத்தில் முட்டிபோட்டேன். சூசை சொல்தா என்னை நேராகப் பார்த்தார். தலை பெரிதாகவும் இல்லை. குனிந்தும் இல்லை. சாவதானமாக, என்னப்பா என்று கேட்பவர் போல இருந்தார்.

கோபுரத்தில் உருவத்தின் கண்ணிலிருந்து கயிறு பிடித்து, அது தரையில் எங்கே வந்து விழுகிறது என்று பார்ப்போம். அந்தக் கயிற்றை எடுத்தேன். கண்ணிலிருந்து கயிறு சரியாக முட்டிபோட்ட ஆளின் முகத்துக்கு வந்தது. கல்லறைத் திருநாளன்று பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்போது குடும்பத்தார் முட்டிபோடுவார்கள் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அவர்கள் முட்டிபோடும் இடத்துக்குக் கயிறு வரும்படி தூணை அரையடி பின்னால் தள்ளிச் சாந்து வைத்துக் கட்டினேன்.

மதாமிடம் இதைச் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். வாசல் வரைக்கும் போனேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் செல்வி.

"அன்னைக்குத் தானாத் தெரியும்."

"நல்லாத் தெரியும்" என்றாள்.

6. நவம்பர் இரண்டு

காலையில் மழை விட்டிருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்கச் செவந்திப்பூ, மெழுகுவத்தி. பியேர் வந்திருந்தார். முன்தலை வழுக்கை விழுந்த உயரமான மனிதர். அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துவந்து அப்பாவின் எதிரில் நின்றார்.

"பப்பா ஏன்மா கீழ பாக்குறாரு?" என்றார்.

மதாம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சொல்தாவும் நானும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

செல்வி என் விலாவில் இடித்தாள். "சொல்லுங்களேன்." நான் குனிந்து அணைந்த வத்தி ஒன்றைப் பற்றவைத்தேன்.

மணிச் சத்தம் கேட்டது. சாமியார் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். சுற்றிலும் எல்லாரும் ஈரப் புல்லில் முட்டிபோட்டார்கள். பியேரும் போட்டார். மதாம் மட்டும் குடையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறு வருஷமாக மடங்காத முட்டி! என் கையாலேயே அவருக்கு மெழுகுக் கால் செய்து கொடுத்திருக்கிறேன். யார் பார்க்க வேண்டுமோ அவருடைய முட்டியை விட்டுவிட்டு ஊரார் முட்டிக்கெல்லாம் அளவு எடுத்திருக்கிறேன்.

பியேர் சிலுவை போட்டுக்கொள்ள நிமிர்ந்தார். நெற்றிக்குப் போன கை அங்கேயே நின்றுவிட்டது.

"அம்மா."

"என்னடா?"

"பப்பா என்னையப் பாக்குறாரும்மா. இங்க வாங்க. முட்டிபோட்டுப் பாருங்க."

"என் முட்டி ஒனக்குத் தெரியாதா?"

"நான் புடிச்சுக்குறேம்மா. வாங்க."

மதாம் குடையை என் கையில் திணித்தார். ஒரு பக்கம் பியேர், மறுபக்கம் செல்வி. "மெதுவா, மெதுவாடா, ஒடஞ்சிடப்போவுது" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். கண்ணாடிச் சாமான் பெட்டியை இறக்குவது போல இறக்கினார்கள். சாமியார் தீர்த்தச் செம்போடு காத்துக்கொண்டு நின்றார்.

மதாம் மூச்சு வாங்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பவாவது பேப்பரக் கீழ வச்சீங்களே" என்றார்.

பியேர் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகி மறுபடி சிரிப்பானது. சாமியார் மூன்று பேர்மேலும் சொல்தாமேலும் தண்ணீர் தெளித்தார். மதாமை எழுப்பத்தான் சாமியாரும் கை கொடுக்க வேண்டியிருந்தது. "அந்தோணி! உங்க மெழுகுக் கால் பாதி வேலதான் செஞ்சிருக்கு. எறக்கிடுச்சு, ஏத்தல!" என்று மதாம் இரண்டு வரிசை தள்ளி நின்ற அண்ணனைப் பார்த்து அங்கிருந்தே சத்தம் போட்டார்.

7. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

தையில் ஸ்தபதி ஆள் அனுப்பினார். மறுபடி சாரத்தில் ஏறினேன். அதற்குப் பிறகு இடைவெளி வந்தபோதெல்லாம் ஏதாவது புதுச் சரக்கில் கை வைத்திருக்கிறேன். டின் தகடு, கண்ணாடித் துண்டு, தேங்காய் நார் எல்லாம் பார்த்தாயிற்று. புதுச் சரக்கு கைக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும், ஒரு சட்டி நஷ்டத்தோடு. பழைய கண்தான் லேசில் மாறாது. ஆகவே வேலையைத் தொடங்குமுன் வேலை கொடுப்பவரிடம் ஒன்று கேளுங்கள். எங்கே நின்று பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். நிற்பீர்களா, உட்காருவீர்களா, உங்கள் முட்டி மடங்குமா என்றும் கேளுங்கள். எனக்கு அன்னியரிடம் பேச வராது. ஆனாலும் இதை மட்டும் கேட்டுவிடுவேன்.

அடுத்த வருஷம் மதாம் ஆள் விட்டுக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லறைக்குப் போகும்போது உட்கார அங்கே ஒரு சிமெண்டு முக்காலி வேண்டும் என்றார்.

"எவ்வளவு உயரம்னு அளந்துக்குங்க தம்பி."

நான் அளவு நாடா கொண்டுபோகவில்லை. மதாமை வீட்டு நாற்காலி ஒன்றில் கல்லறை முன்னால் உட்கார வைத்து, சொல்தாவின் கண்ணிலிருந்து கயிறு பிடித்தேன். கயிறு அவர் கண்ணுக்கு வராமல் நெற்றிக்கு வந்தது.

"இந்த நாற்காலியவிட நாலு விரல் உசத்தணுங்க மதாம்" என்றேன்.